இரண்டாவது மைக்

பதுளை பசார் வீதியில் கம்பளிக் கடை வைத்திருந்த இத்ரூஸ், தமக்கு ஒரே ஒரு தொழில்தான் என்று வருமான வரிக்காரரிடம் சொல்லிவந்தார். அது சுத்தப் பொய். கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்குத் தலையில் போட்டுக்கொள்ளும் கம்பளியை விற்பது அவருடைய வாரநாள் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில், ஊரே மஹத்தயா, அதாவது ஐயா, என்று அழைக்கும் எதிர்க்கட்சி எம்.பி.யின் சிங்களப் பேச்சை மேடையில் நின்று வரிக்கு வரி தமிழாக்குவது மற்றத் தொழில். இரண்டாவதில் காசு கிடையாது. மேடையின் வலது ஓரத்தில் ஒரு மடக்கு நாற்காலியும் ஒரு பிளேன்டீயும் இரண்டாவது மைக்கும் கிடைக்கும். அந்த மைக்குக்காக மனுஷன் கடையையே எழுதிக் கொடுத்துவிடுவார் என்று அவருடைய மனைவி றஷீனா சொல்வாள். கடை அவளுடைய வாப்பா கொடுத்தது என்பதால் அவளுக்கு அப்படிச் சொல்ல உரிமை இருந்தது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. பாண் ரொட்டிக்கு வரிசை, மாவுக்கு வரிசை, வரிசையில் நின்று முணுமுணுத்தவர்களைப் பிடித்துப்போக அவசரகாலச் சட்டம். மஹத்தயாவின் பேச்சில் மூன்று பகுதிகள் உண்டு. முதலில் பாண் வரும். அடுத்து பொலிசின் காது வரும்: கடிதத்தைப் பிரிக்கிறார்கள், தொலைபேசியை ஒட்டுக்கேட்கிறார்கள், நீதவான் முகத்தைக் காட்டாமலே ஆட்களை அடைத்து வைக்கிறார்கள். கடைசியில் மூச்சு வரும்: என் மூச்சு இருக்கும்வரை இதை நிரந்தரச் சட்டமாக்க விடமாட்டேன். பாணுக்கு இரு கையையும் விரிப்பார். காதுக்கு வலது கையை உயர்த்துவார். மூச்சுக்கு முன்னால் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைப்பார். பண்டாரவளையில் பேசினாலும் பசறையில் பேசினாலும் இந்த வரிசை மாறாது.

ஆகவே இத்ரூஸ் நாளடைவில் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டார். கை எங்கே நிற்கிறது என்று ஓரக்கண்ணால் பார்ப்பார், அவ்வளவுதான். மஹத்தயா முழங்கிக்கொண்டிருக்கும்போது இவர் பிளேன்டீயை ஊதிக் குடிப்பார், தொப்பியைச் சரிசெய்வார், கூட்டத்தில் தம்மிடம் கம்பளி வாங்கியவர்கள் யார் என்று நோட்டம் விடுவார். சிங்களம் நின்றதும் எழுந்து, தாம் மனதில் வைத்திருக்கும் பேச்சைத் தம் பாணியில் எடுத்து விடுவார். தொலைபேசியைக் கண்ணால்கூடக் கண்டிராத தோட்டத்து ஆட்களிடம் தொலைபேசியைப் பற்றிப் பேசி என்ன பயன்? "அய்யாமாரே, ஒங்க லயத்துச் செவுத்துக்கு அந்தாண்ட ஒரு காது ஒட்டிக்கிட்டு நிக்குது! நீங்க பொஞ்சாதிகிட்டப் பேசுறதை அது கொழும்புக்கு அனுப்புது!" என்பார். சுவரோடு சுவர் ஒட்டிய லயத்தில் ஒரு வீட்டில் தும்மினால் ஐந்து வீட்டுக்குக் கேட்கும். தங்கள் வாழ்க்கையை இவ்வளவு துல்லியமாக மேடையில் எடுத்துப் பேசுகிறாரே மஹத்தயா என்று அவர்கள் உருகிப்போய்க் கை தட்டுவார்கள்.

ஹப்புத்தளை, கொஸ்லந்த, தெமோதரை என்று லொறி லொறியாக வருகிற அந்தக் கூட்டத்தில் முக்கால்வாசிப் பேருக்கு வாக்கு கிடையாது. அவர்கள் எந்த நாட்டுக்குச் சொந்தம் என்று இரண்டு நாடுகள் பங்கு பிரித்துக்கொண்டிருந்தன. வாக்கில்லாதவனின் கைதட்டலில் அரசியல்வாதிக்கு ஒரு தனிச் சௌகரியம் உண்டு. சத்தம் அவருக்கு, கணக்கு யாருக்கும் இல்லை.

இப்படியே ஆனந்தமாகப் போய்க்கொண்டிருந்த இத்ரூஸின் பொதுவாழ்வில் ஹாஷிமின் கம்பி வந்து விழுந்தது.

ஹாஷிம் றஷீனாவின் தம்பி. உம்மா இல்லாத பிள்ளை என்று அவள்தான் வளர்த்தாள். அவன் அவளைத் தாத்தா என்று கூப்பிடுவான். அங்குள்ள முஸ்லிம் வீடுகளில் அக்காவுக்கு அதுதான் அழைப்பு. பண்டாரவளையில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருந்தான். மலைக்குள் சத்தம் சரியாகப் பிடிக்கவில்லை என்று கடைக் கூரையிலிருந்து பின்னாலுள்ள டேர்பன்டைன் மரத்தின் உச்சிவரை ஒரு செம்புக் கம்பியை இழுத்துக் கட்டினான். பெஷாவரில் நடக்கும் கிரிக்கெட் கேட்கத்தான். இவ்வளவு நீளக் கம்பியில் கிரிக்கெட் மட்டும் வராது, புரட்சியும் வரும் என்று பொலிசுக்குத் தோன்றியது. கம்பியைச் சுருட்டினார்கள். கூடவே ஹாஷிமையும் சுருட்டிக்கொண்டு போனார்கள். வழக்கு இல்லை, நீதவான் இல்லை. தெற்கே ஏதோ ஒரு தடுப்பு முகாம் என்றார்கள். பார்க்கவும் விடவில்லை.

றஷீனா சமைப்பாள், பரிமாறுவாள், தான் சாப்பிடமாட்டாள்.

"மைக்குல இந்தக் கத்துக் கத்துறீங்களே, எங்கட பொடியன ஒரு கத்துல வெளிய எடுக்க ஏலாதா?" என்று கேட்டாள்.

"எம்.பி. மஹத்தயாட்ட சென்னேன் புள்ள. அவசரகாலச் சட்டம் கனகாலத்துக்கு ஈக்காதாம். அதுக்குப் பதிலா நிரந்தரமா ஒண்டு கொண்டு வாறாங்களாம். அரசாங்கத்து ஆக்கள்லயே கொஞ்சப் பேருக்கு அதுல விருப்பமில்ல. எதிர்க்கட்சி ஒரே பிடியா நிண்டா அது தோக்கும். தோத்தா, உள்ளுக்கு ஈக்கிற எல்லாரையும் ஒண்டு கோட்டுக்குக் கொண்டு போகணும், இல்லாட்டி விடணும்."

"கோட்டுக்குப் போனா?"

"கம்பியக் காட்டி என்னத்தச் செல்லுவாங்க? அண்டைக்கே வந்துருவான்."

அந்த நாள்முதல் றஷீனா அந்தச் சட்டம் தோற்க வேண்டும் என்று நோன்பு பிடித்தாள். பாராளுமன்ற நடைமுறைக்காக பதுளையில் நோன்பு பிடித்த ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள்.

இங்கே கான்ஸ்டபிள் லத்தீபைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் இரகசியப் பொலிஸ். அது ஊருக்கே தெரியும். பஸ் கண்டக்டர்கள் அவனை இரகசியப் பொலிஸ் நிறுத்தத்தில்தான் இறக்கிவிடுவார்கள் என்று ஒரு கதைகூட உண்டு. கூட்டங்களில் பேசப்படும் தமிழைக் கேட்டு இன்ஸ்பெக்டரிடம் ஒப்பிப்பது அவன் வேலை. ஆனால் அவனுக்குப் பொல்லாத ஞாபகமறதி. எனவே ஒவ்வொரு திங்கட்கிழமை காலையும் கம்பளிக் கட்டின் மேல் உட்கார்ந்து, "நானா, நேத்து என்ன பேசின?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்பான். இத்ரூஸும் தேத்தண்ணி கொடுத்து, தம்மைப் பற்றிய உளவுச் செய்தியைத் தாமே சொல்லிக் கொடுப்பார். சூடான இடங்களைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுப்பார். அரசாங்கத்தின் காதுக்கும் குடிமகனின் வாய்க்கும் இடையே இப்படியொரு அன்னியோன்னியம் வேறெந்த மாகாணத்திலும் இருந்ததாகத் தெரியவில்லை.

சட்டமூலம் வாக்கெடுப்புக்கு வரவிருந்த வாரத்துக்கு முந்திய ஞாயிறு, பதுளையில் பெருங்கூட்டம். இத்ரூஸ் காலையிலேயே ரெஸ்ட்ஹவுஸுக்குப் போய் மஹத்தயாவின் முன்னால் நின்றார். ஹாஷிமைப் பற்றி மறுபடி சொன்னார். மஹத்தயா முட்டையை உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு இவருடைய தோளில் தட்டி, "இத்ரூஸ், அரசியல் என்பது பிடிவாதம் அல்ல. இன்றைக்குப் பேச்சைக் கவனமாகக் கேளும்" என்றார்.

இதைவிட ஒரு மனிதன் எப்படி எச்சரிப்பான்? இத்ரூஸோ, இன்றைய முழக்கம் வழக்கத்தைவிடப் பெரிது என்று எடுத்துக்கொண்டார்.

கூட்டம் நிரம்பி வழிந்தது. முன்னால் டவுன் சிங்களவர்கள். பின்னால் கம்பளியும் குடையுமாகத் தோட்டத்து ஆட்கள். கொஸ்லந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் சங்கத் தலைவர் வீரசிங்கம் இரண்டு லொறியில் ஆள் கொண்டுவந்திருந்தார். மஹத்தயா இரண்டு கையையும் விரித்தார். இத்ரூஸ் பாணைப் பேசினார். மஹத்தயா வலது கையை உயர்த்தினார்; இத்ரூஸ் காதைப் பற்றிப் பேச ஆயத்தமானார்.

அரசியல்வாதி கொள்கையை மாற்றிக்கொள்ளலாம், கையை மாற்றிக்கொள்வது கஷ்டம். அந்த உயர்த்திய கையோடு மஹத்தயா சிங்களத்தில் சொன்னது இதுதான்: நாட்டின் பாதுகாப்பை முன்னிட்டு எதிர்க்கட்சி சில திருத்தங்களுடன் இச்சட்டத்தை ஆதரிக்க எண்ணியிருக்கிறது. இனித் தொலைபேசியைக் கண்டவனும் ஒட்டுக்கேட்க முடியாது. மேலதிகாரி கையெழுத்திட்ட பிறகு முறைப்படிதான் கேட்பார்கள். சந்தேகத்தில் எவரையும் பிடிக்க முடியாது. நியாயமான சந்தேகம் இருக்க வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவரை உறவினர் போய்ப் பார்க்கலாம். இவை நாங்கள் போராடிப் பெற்ற வெற்றிகள்.

முன்வரிசை அசையவில்லை. இத்ரூஸ் அப்போது கையிலிருந்த பிளேன்டீயில் ஹாஷிமின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்களம் நின்றது. எழுந்தார்.

"அய்யாமாரே! அம்மாமாரே! இந்தச் சட்டம் வந்தா ஒங்க வூட்டுப் புள்ளைய நாய் புடிக்கிற மாதிரிப் புடிச்சிக்கிட்டுப் போவாங்க! ஏன்னு கேக்க ஒரு கோட்டு இருக்காது! கம்பி கட்டுனாக் குத்தம்! காது குடுத்தாக் குத்தம்! இதை வுடலாமா?"

"வுடக்கூடாது!" என்று பின்னால் ஒரு மலையே சரிந்து விழுந்த மாதிரிச் சத்தம் எழுந்தது. கைதட்டல், விசில், குடைக் கம்பைத் தகரத்தில் தட்டுகிற ஓசை. தமிழ் தெரியாத மஹத்தயா திகைத்துத் திரும்பினார். அவர் முகத்தில் முதலில் பயம், பிறகு ஆச்சரியம், பிறகு மெல்ல மெல்ல ஒரு பெரிய நிம்மதி வந்து படர்ந்தது. கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். அதைப் பார்த்து இத்ரூஸ் மூச்சையும் பேசி முடித்தார்.

மறுநாள் காலை லத்தீப் கம்பளிக் கட்டின் மேல் உட்காரவில்லை. நின்றான்.

"நானா, நேத்து நீங்க என்ன பேசின?"

"எப்பவும் பேசுறதத்தான்."

"அதானே பிரச்சின. சிங்களம் கேக்கப் போன கான்ஸ்டபிள் வேற கதை செல்றான். எம்.பி. சட்டத்துக்குக் கை தூக்கப் போறாராம். மேடையிலயே சென்னாராம்."

இத்ரூஸ் சிரித்தார். லத்தீப் சிரிக்கவில்லை. சிங்களத்தில் சொன்னதை, தனக்குச் சொல்லப்பட்டபடியே, ஒவ்வொன்றாகச் சொன்னான். இத்ரூஸ் அளந்துகொண்டிருந்த கம்பளி கையிலிருந்து நழுவியது.

"அப்ப அவங்க தட்டினது..."

"பயப்படாதீங்க நானா. இன்ஸ்பெக்டர் என்னட்டக் கேட்டாரு. இத்ரூஸ் நானா ஒரு சொல்லும் மாத்தாம அப்படியே தமிழாக்கினார், சனம் சந்தோஷமாக் கை தட்டிச்சு எண்டு சென்னேன். இல்லாட்டி ஒங்களயும் அள்ளிக்கிட்டுப் போயிருப்பாங்க."

தம் வாழ்நாளில் தமக்குச் செய்யப்பட்ட ஆகப் பெரிய உதவி அதுதான் என்று இத்ரூஸுக்குப் புரிந்தது. கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினார். பின்னாலேயே லத்தீபும் ஓடினான், எம்.பி. ரயிலேறுவதைப் பார்ப்பதும் அவன் கடமைகளில் ஒன்று.

மஹத்தயா முதலாம் வகுப்பு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். இவரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இத்ரூஸ்! நேற்று நீர் செய்த சேவையைக் கட்சி மறக்காது. மேலிடம் என்னிடம், உன் மக்களிடம் சொல்லிப் பார், எதிர்த்தால் நாமும் எதிர்ப்போம் என்றது. நான் நடுங்கிக்கொண்டுதான் சொன்னேன். நீர் எப்படித்தான் விளக்கினீரோ, தோட்டத்து மக்கள் அந்தக் கை தட்டுத் தட்டினார்களே!"

"சேர், அவங்க நீங்க சொன்னதுக்குத் தட்டவில்லை" என்று இத்ரூஸ் சிங்களத்தில் மூச்சிரைக்கச் சொன்னார். "நான் சொன்னதுக்குத் தட்டினார்கள். நான் பழைய பேச்சைப் பேசிவிட்டேன். சட்டம் கூடாது என்று சொன்னேன். கூடாது என்றுதான் தட்டினார்கள்."

மஹத்தயாவின் சிரிப்பு அப்படியே இருந்தது. கண் மட்டும் மாறியது.

"அப்படி இருக்க முடியாது. வரிக்கு வரி என்று இன்ஸ்பெக்டரே சொன்னார்."

"லத்தீப்!" இத்ரூஸ் திரும்பித் தமிழில் அலறினார். "செல்லுடா! நான் மாத்திப் பேசினேன் எண்டு இவருக்குச் செல்லு!"

"நானா, மெதுவா."

"என்னடா மெதுவா? என்னப் புடிச்சிக்கிட்டுப் போ! உள்ளுக்குப் போடு! ஆனா அந்தச் சனம் ஓமெண்டு தட்டல்ல எண்டு செல்லு!"

லத்தீப் தண்டவாளத்தைப் பார்த்தான். "நேத்து ஒண்டு சென்னேன். இண்டைக்கு வேற செல்ல ஏலா நானா. றஷீனா தாத்தா ஒருத்தனுக்கே சோறு தின்னாம கெடக்கிறாவு. ரெண்டு பேருக்கு என்ன செய்வாவு?"

மஹத்தயா ஜன்னலுக்கு வெளியே குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்: "இத்ரூஸ், என் பெயரில் அனுமதி எடுத்த மேடையில் நீர் எனக்கு மாறாகப் பேசியிருந்தால் அது பெரிய குற்றம். நீர் அப்படிச் செய்யக்கூடியவர் அல்ல. உமது மச்சானை நினைத்துப் பாரும். உறவினர் போய்ப் பார்க்கலாம் என்ற திருத்தத்தை உமக்காகத்தான் சேர்க்கச் சொன்னேன்."

ரயில் நகர்ந்தது. இத்ரூஸ் கூடவே ஓடினார். "தட்டல்ல சேர்! தட்டல்ல!" என்று எந்த மொழியில் கத்தினார் என்று அவருக்கே தெரியாது. மஹத்தயா ஜன்னல் கண்ணாடியை மூடி, உள்ளிருந்து கையை அசைத்தார். வலது கை.

அந்த வாரமே சட்டம் நிறைவேறியது. எதிர்க்கட்சியின் பொறுப்புணர்ச்சியை அரசாங்கம் பாராட்டியது. அரசாங்கத்தின் பெருந்தன்மையை எதிர்க்கட்சி பாராட்டியது. முணுமுணுத்துக்கொண்டிருந்த அரசாங்க உறுப்பினர்கள், எதிர்க்கட்சியே ஆதரிக்கும்போது நாங்கள் யார் என்று கை தூக்கினார்கள். ஊவா மாகாணத் தோட்ட மக்கள் கரகோஷம் செய்து வரவேற்ற சட்டம் என்று மஹத்தயா சபையில் பேசியதை ரேடியோ இரண்டு முறை சொன்னது.

கொஸ்லந்தயிலிருந்து வீரசிங்கம் பஸ் ஏறி வந்தார். கடைக்குள் வரவில்லை. வாசலில் நின்றே கேட்டார்.

"மொதலாளி, நாங்க எதுக்குக் கை தட்டுனோம்?"

இத்ரூஸ் அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"இல்ல, தெரிஞ்சிக்கலாமேன்னுதான். எங்களுக்கு ஓட்டு இல்லீங்க, அது தெரியும். கை மட்டும்தான் இருந்துச்சு. அதையும் எடுத்துக் கொழும்புல எண்ணிக்கிட்டாங்களாம். இனிமே கூட்டத்துக்கு வாறப்ப கையையும் லயத்துல வச்சிட்டு வரச் சொல்றேன்."

"தலைவர், நான் வேணுமெண்டு..."

"வேணும்னு செஞ்சிருந்தா சண்டை போட்டிருப்பேங்க. போயிட்டு வாறேன்."

உறவினர் பார்க்கலாம் என்ற வெற்றி மட்டும் உண்மையாகவே அமுலுக்கு வந்தது. ஒரு நாள் இத்ரூஸும் றஷீனாவும் பெரகலச் சந்தியில் பஸ் மாறி, மலையிறங்கி, அந்த முகாமுக்குப் போனார்கள். றஷீனா ஹாஷிமுக்குப் பிடித்த வட்டிலப்பத்தைச் செய்து எடுத்திருந்தாள். வாயிலில் அதை மூன்று பேர் கரண்டியால் குத்திப் பார்த்து, கடைசியில் உள்ளே அனுமதியில்லை என்று வைத்துக்கொண்டார்கள்.

நீளமான மேசை. அந்தப் பக்கம் ஹாஷிம். பாதியாகிப் போயிருந்தான். மேசையின் தலைமாட்டில் ஒரு காவலர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். றஷீனா "தம்பீ" என்று வாயெடுத்ததும் அவர் கையை உயர்த்தினார்.

"சிங்களத்தில் பேச வேண்டும். நான் கேட்க வேண்டும். சட்டம்."

றஷீனாவுக்குச் சிங்களத்தில் கொச்சிக்காய் வாங்கத் தெரியும், தம்பியிடம் பேசத் தெரியாது. இத்ரூஸ் கைகூப்பாத குறையாகக் கெஞ்சினார். காவலர் யோசித்தார். நல்ல மனிதர். அவள் தமிழில் பேசலாம், அதை இத்ரூஸ் தமக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். தடுத்து வைக்கப்பட்டவர் சிங்களத்தில் பதில் சொல்லலாம், அதை இத்ரூஸ் அவளுக்குத் தமிழில் சொல்லலாம் என்று வழிவிட்டார். அக்காவும் தம்பியும் ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்தார்கள். நடுவில் இத்ரூஸ் நின்றார்.

"தின்றியாடா?" என்றாள் றஷீனா.

இத்ரூஸ் அதைக் காவலருக்குச் சொன்னார். காவலர் தலையசைத்தார். ஹாஷிம் சாப்பிடுகிறேன் என்று சிங்களத்தில் சொன்னான். இத்ரூஸ் அதைத் தமிழில் சொன்னார்.

"எப்ப வருவாய்?"

இத்ரூஸ் அதையும் சொன்னார். ஹாஷிம் அக்காவைப் பார்க்காமல், இத்ரூஸின் கண்ணைப் பார்த்து, நிதானமாகச் சிங்களத்தில் சொன்னான்:

"பழைய உத்தரவு முடிந்துவிட்டது. புதிய சட்டத்தில் புதிய உத்தரவு கொடுத்திருக்கிறார்கள். முடிவுத் திகதி போடவில்லை. வெளியே எல்லோரும் கை தட்டினார்களாமே, பிறகு யார் கேட்கப் போகிறார்கள் என்று இங்கே உள்ளவர்கள் சிரிக்கிறார்கள். இனித் தாத்தாவைக் கூட்டிவர வேண்டாம். அவள் போன பிறகு எனக்கு இங்கே இருக்க முடியாது."

"என்ன செல்றான்?" என்றாள் றஷீனா. "வாறேன் எண்டானா?"

எந்தக் கூட்டத்துக்கும் ஏற்றபடி எதையும் மாற்றிச் சொல்லத் தெரிந்தவர் இத்ரூஸ். இந்த மாசம் முடிய வந்துருவானாம் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். காவலருக்குத் தமிழ் தெரியாது. ஹாஷிமும் காட்டிக்கொடுக்க மாட்டான். ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

இத்ரூஸ் சொன்னார். உத்தரவைச் சொன்னார், திகதி இல்லாததைச் சொன்னார், கைதட்டலைச் சொன்னார். இனி வர வேண்டாம் என்பதையும், அதற்கான காரணத்தையும் அவன் வைத்த வரிசையிலேயே சொன்னார். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

றஷீனா தம்பியைப் பார்த்தபடி இருந்தாள். ஹாஷிம் மேசைப் பலகையின் ரேகைகளை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"என்ன சொல்கிறார்?" என்று காவலர் கேட்டார்.

"ஒன்றும் சொல்லவில்லை, சேர்."

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது.

"அப்படிச் சும்மா இருக்க முடியாது" என்றார் அவர், கனிவாகவே. "ஏதாவது பேசச் சொல்லுங்கள். நான் கேட்க வேண்டும்."